வலது கம்பத்தருகே

ஆலங்குழி,
2-3-2025

செம்மொழி,

வெற்றிசெல்வன் போனிலிருந்து கூப்பிட்டால் உனக்கு மணி போகிறது. என் போனிலிருந்து கூப்பிட்டால் போகவில்லை. இது என்ன கோளாறு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது, சிரித்துக்கொள். அதனால்தான் கடிதம். ஒரத்தநாடு போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டதும் அந்த அம்மா, "கோர்ட்டு விஷயமா தம்பி?" என்றார். இல்லைங்க, கட்டிக்கப் போறவளுக்கு என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. வைக்கோல் கட்டை ஏற்றிய மறுநாளே பையன்கள் வயலில் கோல் கம்பத்தை நட்டுவிட்டார்கள். அறுத்த நெல்லின் தாள் இன்னும் மடங்கவில்லை, காலைக் குத்திக் கிழிக்கிறது. யார் கேட்கிறார்கள்? வளர்பிறை கால்பந்துக் கழகம் மறுபடியும் கிளம்பிவிட்டது. டெல்டா லீக்கில் இரண்டாம் டிவிஷனில் இதுவரை ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை, கூத்தாநல்லூரில் கடைசி ஆட்டம். முதலில் வரும் ஒரே ஒரு டீம்தான் முதல் டிவிஷனுக்கு ஏறும் என்பது உனக்குத் தெரியாததா?

இந்த வருஷம் ஏறிவிடுவோம். இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். உன் அண்ணன் மருதையன் இறந்த வருஷம் ஒரு கோலில் விட்டோம். கொரோனா முடிந்து லீக் திரும்ப ஆரம்பித்தபோது ஒரு புள்ளியில் விட்டோம். அடுத்த தடவை விசில் ஊதப் போகிற நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். போன வருஷத்தை நீயே பார்த்தாய். அன்றைக்குத்தான் அத்தையைக் கூட்டிக்கொண்டு பூதலூருக்குப் போனவள், திரும்பவே இல்லை.

இந்தத் தடவை கூத்தாநல்லூர்ப் பையன் ஒருவன் முன்னால் ஆடுகிறான். நெய்னா முகம்மது என்று பெயர். கால் இருக்கிறதே, அப்படி ஒரு கால். மருதையனுக்குப் பிறகு இப்படி ஒருவனை நான் பார்க்கவில்லை.

கேட்க வந்தது இதுதான். ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஒன்பதாம் நம்பர் புதுச் சட்டையை மருதையன் படத்துக்கு முன் வைத்து அத்தை விளக்கேற்றிப் படைப்பார்கள். அந்தச் சட்டையைத்தான் எங்கள் ஃபார்வர்டு போட்டுக்கொண்டு இறங்குவான். இப்போது அத்தை உன்னிடம் இருக்கிறார்கள். சட்டையை அங்கே எடுத்து வரட்டுமா? அத்தை முன்னால் நான் கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது. வளர்பிறை ஏறட்டும், அடுத்த முகூர்த்தத்தில் நம் கல்யாணம்.

ரஞ்சித்


பூதலூர்,
9-3-2025

ரஞ்சித் மாமாவுக்கு,

போனில் ஒரு கோளாறும் இல்லை. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. உங்கள் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருப்பது எனக்கு வசதி.

சட்டையை எடுத்து வர வேண்டாம்.

நமக்கு நிச்சயம் ஆனபோது எனக்கு இருபத்தைந்து வயது. இப்போது முப்பத்தொன்று. அண்ணன் காரியத்தன்று ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் எழுந்து, "அத்த, மருதையன் ஆசப்பட்ட மாதிரி வளர்பிறை மேல ஏறுன பின்னாடிதான் நான் தாலி கட்டுவேன்" என்றீர்கள். ஊரே அழுதது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அன்றைக்கு அழுதுகொண்டிருந்தவளைக் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. ஆனாலும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் அம்மா விளக்கேற்றுவாள். நீங்கள் தோற்று வருவீர்கள். அம்மா சோற்றைத் தொடாமல் உட்கார்ந்து, "எம்புள்ளைக்கு என்ன கொற வச்சேன்? ஏன் ஏற விட மாட்டேங்கிறான்?" என்று கேட்பாள். செத்துப்போன பிள்ளை தன்மேல் கோபமாக இருக்கிறான் என்று ஒரு தாயை நினைக்க வைத்துவிட்டீர்கள் மாமா. அதை உங்களால் தாங்க முடிந்தால் முடியட்டும், என்னால் முடியவில்லை.

இன்னொன்று. போன வருஷ ஆட்டத்தை என் தோழி ஜீவிதா போனில் எடுத்து வைத்திருந்தாள். பொங்கல் லீவில் அதை வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். கல்லூரியில் நானும் பந்தாடியவள்தான், என் கண்ணை ஏமாற்ற முடியாது. வெற்றிசெல்வன் இடது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோகிறான். நடுவில் நம் ஆட்கள் இரண்டு பேர் தனியாக நிற்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் தூக்கி வலது கம்பத்துப் பக்கம் போடுகிறான். அங்கே ஆளே இல்லை. ஒரு தடவை என்றால் தவறு என்று விடலாம். ஆட்டம் இறுக இறுக அங்கேயேதான் போடுகிறான். அவன் மட்டுமில்லை, எல்லோரும் அங்கேயேதான் போடுகிறீர்கள். ஒன்பதாம் நம்பர் போட்டவனோ அந்தப் பக்கமே போகவில்லை.

யாருக்கு மாமா போடுகிறீர்கள் பந்தை?

உத்திராபதி சித்தப்பா திருவையாற்றில் ஒரு வரன் சொல்லியிருக்கிறார். சித்திரை போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்காகத்தான் சொன்னேன். ஆனால் இந்தச் சித்திரையோடு சரி.

செம்மொழி


ஆலங்குழி,
17-3-2025

செம்மொழி,

திருவையாற்று வரன் பந்தாடுவாரா? கேட்டுச் சொல். எங்களுக்கு ஒரு நல்ல ஹாஃப் பேக் தேவை.

இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. உன் கேள்விக்குப் பதில் எழுதப் பயமாக இருந்தது. நீ பார்த்தது உண்மை. இதுவரை எங்களிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை, நாங்களும் எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை.

அன்றைக்கு மழையே இல்லை. மேற்கே மட்டும் கருத்திருந்தது. கோடை மழை வந்தால் உளுந்துக்கு நல்லது என்று மருதையன்தான் சொன்னான். கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள்தான் இருந்ததால் பயிற்சியை நிறுத்த மனம் வரவில்லை. வெற்றிசெல்வன் இடது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டான். மருதையன் வழக்கம்போல வலது கம்பத்துக்கு ஓடி வந்தான். பந்து மேலே இருக்கும்போதே வெளிச்சம் வந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது பந்து தாளில் உருண்டு வரப்பில் இடித்து நின்றுகொண்டிருந்தது. அவன் விழுந்து கிடந்தான்.

அந்தப் பந்து அவனிடம் போய்ச் சேரவில்லை செம்மொழி. அன்றைக்கு வயலில் இருந்த எங்கள் எல்லோர் மனதிலும் அதுதான் கிடக்கிறது. ஆட்டம் சாதாரணமாகப் போனால் ஒன்றுமில்லை. நெருக்கடி வந்துவிட்டால் கால் அதுவாக அங்கே திரும்புகிறது.

அங்கே யாரும் ஓடக்கூடாது என்று நாங்கள் சட்டம் போடவில்லை. லீக் மறுபடி ஆரம்பித்த வருஷம் வேம்பு என்று ஒரு பையன் அந்தச் சட்டையைப் போட்டு ஆடினான். ஒரு ஆட்டத்தில் வலது கம்பத்துக்கு ஓடி, வந்த பந்தைத் தலையால் முட்டி கோல் போட்டான். அருமையான கோல். ஒருத்தன்கூடப் போய் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவன் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான், நாங்கள் அவரவர் இடத்தில் நின்றோம். என்னவோ இழவு வீட்டில் சிரித்துவிட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவன் அங்கே போகவே இல்லை. அடுத்து வந்தவர்கள் அவனைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது வந்திருக்கும் நெய்னாவுக்கு இது எதுவும் தெரியாது. போன வாரம் பயிற்சியில், "அண்ணே, வெற்றியண்ணன் அங்க போடுறாரே, அங்க யாருண்ணே வருவாங்க?" என்று கேட்டான். வெற்றிசெல்வன் குனிந்து ஷூ லேசைக் கட்ட ஆரம்பித்தான். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எங்களைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ரஞ்சித்


பூதலூர்,
25-3-2025

ரஞ்சித் மாமாவுக்கு,

பைத்தியம் என்று நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். அடுத்த பீரியட் கணக்கு எடுக்க முடியாமல் பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு நின்றேன். இடி விழுந்தது என்றுதான் எனக்குத் தெரியும். பந்து மேலே இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டலாமா என்று யோசித்தேன், பிறகு ஆறு வருஷமாக அவளிடம் மறைத்து என்ன நல்லது நடந்தது என்று காட்டிவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேம்பு கோல் போட்ட இடம் வந்ததும், "நிறுத்து, அத இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

"பாவி மக்கா, அந்தப் புள்ள கோலு போட்டுருக்கான், ஒருத்தன் தட்டிக் குடுக்கலயா? எம்புள்ள இருந்திருந்தா மொத ஆளா ஓடிப்போய்த் தூக்கியிருப்பானே" என்று சொல்லிவிட்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்தக் கூத்தாநல்லூர்ப் புள்ளய அழச்சுக்கிட்டு வரச் சொல்லு. சட்டைய நான் வெளக்குக்கு முன்னாடி வைக்க மாட்டேன். இனிமே வைக்க மாட்டேன். அவன் கையில குடுக்குறேன்."

அண்ணன் மேல் அம்மாவுக்கு இருந்த பயம் அன்றோடு போய்விட்டது மாமா. கோபம் முழுக்க உங்கள்மேல் திரும்பிவிட்டது. எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது.

எந்தச் சனிக்கிழமை வந்தாலும் சரி. நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

செம்மொழி


ஆலங்குழி,
14-4-2025

செம்மொழி,

சித்திரைப் பிறப்பு வாழ்த்து. நீ வீட்டில் இருக்க மாட்டேன் என்று எழுதியும், கொடியில் உன் மஞ்சள் சுடிதார் காய்வதைப் பார்த்து உள்ளே இருப்பாயோ என்று எட்டிப் பார்த்தேன். அத்தை கண்டுபிடித்துவிட்டார்கள். "அவ இல்ல, நீ ஒழுங்கா ஒக்காரு" என்றார்கள். வாங்க மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை இல்லை. நெய்னாவுக்கு மட்டும் இரண்டு தம்ளர் மோர்.

அவன் கையைப் பிடித்துச் சட்டையைக் கொடுத்தார்கள். "தம்பி, அந்தக் கம்பத்துக்கிட்ட பந்து வரும். நீ ஓடு. எம்புள்ள ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்" என்றார்கள். அவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாவற்றையும் சொன்னேன். வல்லம் தாண்டியதும், "அவங்கம்மாவே சொல்லிட்டாங்கல்லண்ணே, அப்புறம் என்ன?" என்றான். ஆறு வருஷமாக எங்களில் யாருக்கும் தோன்றாததை அந்தப் பையன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் பயிற்சியில் வெற்றிசெல்வன் பந்தைத் தூக்கினான், நெய்னா ஓடி முட்டினான், கோல். ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள். பிறகு வெற்றிசெல்வன்தான் முதலில் ஓடினான். எல்லோரும் நெய்னாமேல் விழுந்து புழுதியில் புரண்டார்கள். வெற்றிசெல்வன் எழுந்திருக்காமல் கிடந்து அழுதான். நான் மட்டும் போகவில்லை. நான் பின்னால் பேக் ஆடுகிறவன், அவ்வளவு தூரம் ஓட வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் போதும், ஏறிவிடலாம். சமன் ஆனால் போச்சு. மத்தியானம் மூன்றரைக்கு ஆட்டம். நீ வர வேண்டும் என்று கேட்கிறேன். தோற்றாலும் நீ பார்த்து நான் தோற்க வேண்டும், சும்மா செய்தியாகக் கேட்க வேண்டாம்.

ரஞ்சித்


ஆலங்குழி,
30-4-2025

செம்மொழி,

நீ பதில் போடவில்லை, வரவும் இல்லை. வராதது நல்லதாயிற்று.

ஒன்றுக்கு ஒன்று. ஏறவில்லை. ஊரில் எல்லோரும் நெய்னா பந்தைக் கணிக்கத் தெரியாமல் விட்டுவிட்டான் என்று பேசுகிறார்கள். அது பொய். நடந்தது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். உனக்குச் சொல்கிறேன்.

ரெஃபரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். நானும் நடுக்கோட்டைத் தாண்டிப் போயிருந்தேன். வெற்றிசெல்வன் இரண்டு பேரைத் தாண்டி, இடது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கினான். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல பந்து போட்டதில்லை. நெய்னா சரியாக ஓடினான். கோலி வெளியே வந்து மாட்டிக்கொண்டான். கோல் திறந்து கிடந்தது. முட்டினால் போதும்.

நான் வலது கம்பத்தைப் பார்த்தேன். மருதையன் நின்றான்.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். வெயில் இருந்தது, ஆனால் கண் கூசும் அளவுக்கு இல்லை. கம்பத்துக்கு ஒட்டினாற்போல, எங்கள் மஞ்சள் நிறத்தில், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்து நின்றான். எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அந்தப் பந்து கடைசியில் அவனிடம் போகப் போகிறது என்று நினைத்தேன். "விடுறா!" என்று கத்தினேன்.

பின்னால் நம் ஆள் நிற்கிறான், நீ தொடாதே என்றால் அப்படித்தான் கத்துவோம். கேப்டன் கத்தினால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், கீழ்ப்படிவான். நெய்னா தலையைக் குனிந்தான். பந்து அவன் பிடரிக்கு மேல் போய், கம்பத்தைத் தாண்டி, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

நெய்னா எழுந்து பின்னால் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, "நீங்க சொன்னதாலதான்ணே விட்டேன். பின்னாடி யாருமே இல்லையேண்ணே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஊருக்குள் அவனைத் திட்டாதீர்கள், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேப்டன் பையனைக் காப்பாற்றுகிறான் என்று இன்னும் என்னைத்தான் மெச்சுகிறார்கள்.

என் வாக்கைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம். திருவையாற்றுக்காரருக்குச் சரி சொல்லிவிடு. நான் மனதாரச் சொல்கிறேன் என்று எழுதினால் பொய். ஆனால் சொல்லிவிடு.

ரஞ்சித்


பூதலூர்,
5-5-2025

ரஞ்சித் மாமாவுக்கு,

நான் வந்திருந்தேன்.

மன்னார்குடியில் பஸ் மாறி, ஆட்டம் பாதியில் வந்து சேர்ந்தேன். ஓரத்தில் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கோலுக்குப் பின்னால் மட்டும் இடம் இருந்ததால் அங்கே போய் நின்றேன். வலது கம்பத்துக்குப் பக்கத்தில்.

ஜெயித்தாலும் தோற்றாலும் வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். திருவையாற்றுக்கு அதற்கு முந்தின வாரமே வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆறு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அது. பஸ்ஸில் வரும்போது சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.

வெற்றிசெல்வன் பந்தைத் தூக்கியபோது நீங்கள் நிமிர்ந்து நேராக நான் நின்ற பக்கம் பார்த்தீர்கள். என்னைப் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதனால் கையைத் தூக்கினேன். என்னிடம் இருப்பதில் நல்லது அந்த மஞ்சள் சுடிதார்தான், அதைத்தான் போட்டிருந்தேன். உங்கள் முகம் மலர்ந்தது. அந்தத் தூரத்திலும் எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நம் நிச்சயத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டுதான் அது என்று நினைத்து, உங்கள் கடிதம் வரும்வரை ஐந்தாறு நாள் நான் சுகமாக இருந்தேன். ஆட்டம் முடிந்ததும் உங்களை ஆட்கள் சூழ்ந்துகொண்டதால் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். வளர்பிறை ஏறாமல் போனாலும் மாமா என்னைப் பார்த்துவிட்டார், இனி அவரே வருவார் என்றுதான் இருந்தேன்.

அங்கே நின்றது நான், மாமா.

எனக்கு அண்ணன் சாயல் என்று ஊரே சொல்லும். அது என் குற்றமில்லை. உங்கள் குற்றமும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நெய்னாவை ஊர் திட்டுவதற்கு நான் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். அதைச் செய்வேன், அவன் வீட்டு முகவரி அனுப்புங்கள். ஆனால் மற்றதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நாளைக்கே கல்யாணம் நடக்கிறது. உங்களுக்குச் சோறு போட்டு நிமிர்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்து யாரைக் கண்டு சந்தோஷப்படுவீர்கள்? எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது. அண்ணனைக் கண்டு பயமில்லை, உங்களைக் கண்டுதான்.

இந்தத் தடவையும் ஏறவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "சரி, அந்தப் புள்ள நல்லா ஆடுனானா?" என்று கேட்டாள். ஆடினான் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

ஒன்று செய்யுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் பாசஞ்சரில் ஏறி ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பூதலூரில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். நான் பிளாட்பாரத்தில் தனியாக நிற்பேன். கூப்பிட மாட்டேன், கையைத் தூக்க மாட்டேன். அதே சுடிதாரைத்தான் போட்டிருப்பேன், உங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வேறு எதையும் மாற்றப் போவதில்லை.

என்னைப் பார்த்தால் இறங்கி வாருங்கள். வீட்டில் அம்மா இட்லி வைத்திருப்பாள், வைகாசியில் எந்த நாள் என்று பேசலாம். அண்ணனைப் பார்த்தால் இறங்க வேண்டாம். வண்டியோடு திருச்சிக்குப் போய்விடுங்கள், நான் புரிந்துகொள்வேன். யாரைப் பார்த்தீர்கள் என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. அதனால் என்மேல் இரக்கப்பட்டு மட்டும் இறங்கிவிடாதீர்கள் மாமா.

செம்மொழி